நடக்கச் சொல்கிறார்கள்

எட்டுப் பெண்கள். எட்டுப் பேருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எட்டுப் பேராலும் துணையின்றி நடக்க முடியும். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 12 வாரம் டிரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்து, சிந்தனையின் வேகத்தையும் அளந்தார்கள். நடந்தவர்களின் மூளையில் தாலமஸுக்கும் மேலுறைக்கும் இடையிலான தொடர்பில் மாற்றம் தெரிந்தது. வேகமும் கூடியிருந்தது. அமெரிக்காவில் பிரையன் சாண்ட்ராஃபும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட கட்டுரை இது.

நான் தமிழ் படித்தவள், நரம்பியல் என் துறை அல்ல. ஆனாலும் ஒரு கட்டுரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, பிறர் வாயில் புகுந்ததும் அது என்னவாகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கட்டுரை தன் தலைப்பிலேயே தன்னை முதற்கட்டச் சான்று என்று சொல்லிக்கொள்கிறது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுத அது முனையவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது, அது நம் ஊருக்கு வந்து சேரும் விதம். மேற்பார்வையோடு, படிப்படியாகக் கூட்டி, 12 வாரம், துணையின்றி நடக்க முடிந்தவர்களிடம் என்ற அடைகளெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது ஓர் ஏவல் வினை: 'நடங்க.' ஏவலுக்கு நிபந்தனை கிடையாது. யார், எப்போது, எங்கே, யார் துணையோடு என்று அது கேட்பதில்லை. கேட்டவர் நடக்காவிட்டால் குற்றம் கேட்டவருடையது.

உதிர்ந்துபோன அந்த அடைகளில்தான் சிகிச்சை இருந்தது என்பது என் வாசிப்பு.

நோயின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழில் இதற்கு வழங்கும் பெயர் தண்டுவட மரப்பு நோய். 'மரப்பு' நல்ல சொல். உணர்வு மரத்துப்போவதும் மரம்போல் இறுகுவதும் அதில் ஒருசேரக் கேட்கின்றன. சிக்கல் 'தண்டுவட'த்தில் இருக்கிறது. நோய் தண்டுவடத்தில் மட்டும் இல்லை. மூளை, பார்வை நரம்பு, தண்டுவடம் எல்லாவற்றிலும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. உறை கிழிந்த கம்பியில் மின்சாரம் தட்டுத்தடுமாறுவதுபோல் செய்தி தாமதமாகப் போகிறது, சில இடங்களில் போவதே இல்லை. கால் தள்ளாடுவது இதன் ஒரு முகம். பெயர்ச்சொல் மாற்றித் தர நேரமாவது, அடுப்பில் பால் வைத்ததை மறப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றுமே பிடிபடாமல் போவது இன்னொரு முகம். தமிழ்ப் பெயர் இந்த இரண்டாவது முகத்தை வெளியே நிறுத்திவிட்டது. பெயரில் இல்லாத அறிகுறி நோயாளியின் குணமாகிவிடுகிறது. கால் இழுத்தால் நோய். மறந்தால், அவள் மறதிக்காரி. மெதுவாகச் செய்தால், சோம்பேறி.

தமிழ்ச் சொல்லாக்கக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மருத்துவமே இதை மறந்துதான் கிடந்தது. ழான் மார்த்தேன் ஷார்க்கோ 1868இல் பாரிஸில் இந்த நோயை வரையறுத்தபோதே, நினைவு பலவீனப்படுவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறித்துவைத்திருந்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடையின் நோயாகவே பார்க்கப்பட்டது. ஸ்டீபன் ராவும் குழுவினரும் 1991இல் 100 நோயாளிகளைச் சோதித்து, 43 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறனில் குறைபாடு இருப்பதாகக் கணக்கிட்ட பிறகே பேச்சு மாறத் தொடங்கியது. ஷார்க்கோ பணியாற்றிய சால்பெத்ரியேர், ஏழைப் பெண்களை ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்திருந்த இடம். அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குக் கை நடுக்கம் இருந்ததாகவும், தட்டுகள் உடைந்தும் அவளை வேலையில் வைத்துக் கவனித்துவந்ததாகவும், அவள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது தடிப்புகளைக் கண்டதாகவும் ஒரு கதை உண்டு. மருத்துவ வரலாறுகளில் இதை அவருடைய பொறுமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன. வேலை செய்யும் ஒரு பெண்ணின் கையில், வேலையின் நடுவில்தான் நோய் முதலில் தெரிகிறது.

திருப்பூரில் அது செக்கிங் மேஜையில் தெரியும்.

என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா பதினொரு ஆண்டுகள் செக்கிங்கில் இருந்தவர். பீஸை எடுத்து, தோள், கழுத்து, பக்கத் தையல், பாட்டம், லேபிள், சைஸ் பார்த்து, புரட்டி உள்ளே பார்த்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, ஷேடு மாற்றம் இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். சில நொடிகளில் ஒரு பீஸ். ஒருநாள் சிவப்பு டீ-ஷர்ட் லாட் வந்தபோது, முழு லாட்டும் வெளுத்துப்போன காவியாகத் தெரிந்திருக்கிறது. டையிங்கில் தவறு என்று நினைத்து மொத்தத்தையும் ஒதுக்கிவைத்தார். சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க்கா, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். பார்வை நரம்பில் அழற்சி வந்தால் முதலில் மங்குகிற நிறங்களில் ஒன்று சிவப்பு. இது எம்.எஸ்.ஸின் தொடக்க அறிகுறிகளில் பரவலாக அறியப்பட்டது. சில வாரங்களில் பார்வை திரும்பிவிட்டது. திரும்பியதால் யாரும் மேலே தேடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இடது கால் மரத்தபோதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டில் அவர் கை மெதுவாகிப்போனது. கண் பார்ப்பதற்கும் மனம் 'டேமேஜ்' என்று முடிவெடுப்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனை வேகத்தை அளக்க அதிகம் பயன்படும் சோதனை ஒன்று உண்டு. ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 90 நொடிக்குள் எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார்கள் என்று எண்ணுவார்கள். இதைப் படித்தபோது எனக்குச் செக்கிங் மேஜைதான் நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் 90 நொடி நடப்பதை அவர் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் வேகம் குறைந்தால் அது தரவு. மேஜையில் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும், பிறகு பிசிர் வெட்டுகிற இடத்துக்கு மாற்றுவார்கள், பிறகு 'வீட்ல ரெஸ்ட் எடுங்க' என்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் களைத்துப்போகும் எல்லாப் பெண்களுக்கும் எம்.எஸ். இல்லை. இது நம் நாட்டில் அரிதான நோய். மங்களூரில் எடுத்த கணக்கு ஒன்று லட்சத்துக்கு 8 பேர் என்ற அளவைச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிற, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிற நோய் இது. அந்த வயதுப் பெண்களால் ஓடுகிற ஊர் இது. அரிதான நோய் என்பதாலேயே களைப்பு, ரத்தசோகை, குடும்பக் கவலை என்ற பெரிய குவியலுக்குள் அது எளிதாக ஒளிந்துகொள்கிறது.

நடக்கச் சொன்னார்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "சொன்னாங்க மேடம். வேலைக்குப் போகாம ஊட்ல இருக்கறவங்க நடக்கட்டுங்க. நானு காலைல எட்டரைக்கு நின்னா ராத்திரி எட்டரைக்குத்தானுங்க உக்கார்றன். இன்னும் எங்கீங்க நடக்கறது?" என்றார்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க இந்த ஒரு வாக்கியம் போதும். இதில் ஒரு மருத்துவ உண்மையும் இருக்கிறது. நிற்பது நடப்பது ஆகாது. சாண்ட்ராஃப் குழுவினர் பேசும் நடை, இதயத் துடிப்பு ஏறி, மூச்சு வேகமாகி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, இடையில் ஓய்வுவிட்டுச் செய்கிற பயிற்சி. பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது காலை வீங்கவைக்கும், தாலமஸுக்கு எதுவும் தராது. களைப்பை மட்டும் அது பயிற்சிக்கு நிகராகத் தந்துவிடுகிறது. நின்று வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று, 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் சொன்னது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது அதைப் பெரிதாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். தொழிற்சாலைக்குள் எழுபது ஆண்டாக அந்த வரி ஏட்டில் இருந்ததை அப்போது எத்தனை பேர் நினைத்தோம்?

அடுத்தது சூடு. உடல் சூடானால் உறை இழந்த நரம்பில் செய்தி இன்னும் தடுமாறும். பயிற்சிக்குப் பிறகு பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இல் பதிவுசெய்தார். பிற்பாடு, நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே நோயறியும் வழியாக இருந்தது. இந்தப் பயத்தால் எம்.எஸ். உள்ளவர்கள் உடலை வருத்தக் கூடாது என்றே பல காலம் மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். ஜேக் பெட்டாஜனின் குழு 1996இல் 15 வாரப் பயிற்சி ஆய்வை வெளியிட்ட பிறகு காற்று திசை மாறியது. 'அசையாதே' என்ற கட்டளை 'நட' என்று ஆயிற்று. இரண்டிலும் அவளைக் கேட்டவர் இல்லை.

சூட்டால் வரும் தடுமாற்றம் தற்காலிகமானது, உடல் குளிர்ந்தால் விலகிவிடும், அதனால் நரம்புக்குப் புதிய சேதம் வருவதில்லை. நோயாளிகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். தெரியாதவள், பத்து நிமிடம் நடந்து கண் மங்கியதும் நோய் முற்றிவிட்டது என்று பயந்து நடையையே விட்டுவிடுவாள். தகரக் கூரைக்குக் கீழே ஸ்டீம் அயர்ன் மேஜைக்குப் பக்கத்தில் சித்திரை மாதத்தில் நிற்கிறவளுக்கு அந்தத் தடுமாற்றம் தினசரி நடப்பு. ஆய்வுக்கூடத்தின் குளிர்ந்த காற்றையும் சேர்த்துத்தான் அந்த 12 வாரத்தைப் படிக்க வேண்டும்.

சரி, ஷிப்ட் முடிந்து, சூடு தணிந்து, அவள் நடக்கவே போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே? நம் இலக்கியத்தில் நடந்த பெண்களை எண்ணிப் பார்த்தேன். விறலியர் நடந்தார்கள், பிழைப்புக்காக. கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தாள், கணவனோடு. ஊர் ஊராய் நடந்த அவ்வையை மக்கள் மனம் கோலூன்றிய கிழவியாக்கித்தான் ஏற்றுக்கொண்டது. காரைக்கால் அம்மையார் உடலின் அழகை உதறிப் பேயுருக் கொண்ட பிறகே கயிலைக்குப் போனார், அதுவும் தலையால் நடந்து. இளமையும் உடலும் உள்ள ஒருத்தி தனக்காக, காரணம் சொல்லாமல் நடந்ததாக எனக்கு ஒரு காட்சி சட்டென்று கிடைக்கவில்லை. லண்டனில் மாலையில் சுற்றுவதற்கு வர்ஜீனியா உல்ஃப் ஒரு பென்சில் வாங்கப் போவதாகச் சாக்கு வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினார். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் மும்பைப் பெண்களிடமும் இதே சாக்குகளைக் கண்டது. பெண் பொதுவெளியில் இருக்க ஒரு வேலை காட்ட வேண்டியிருக்கிறது. நம்மூரில் அது பால் பாக்கெட். 'டாக்டர் நடக்கச் சொன்னார்' என்பது அதைவிட வலுவான சாக்கு என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஆனால் இந்த நோய் உள்ளவள் நடக்கும்போது காலை அகட்டி வைப்பாள், சில நாள் தள்ளாடுவாள். தள்ளாடும் பெண்ணைத் தெரு எப்படிப் படிக்கும் என்பது நமக்குத் தெரியும். குடித்திருக்கிறாள் என்று ஒரு பையன் சொன்னானாம். அந்த அம்மா அதைச் சொன்னபோது சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

ஆய்வுகளுக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் அவற்றையும் இரக்கமில்லாமல் படிக்க வேண்டியிருக்கிறது. விக்டோரியா லீவிட் 2014இல் வெளியிட்ட கட்டுரையில் உடற்பயிற்சிக்குப் பின் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் 16.5 சதவீதம் பெருத்ததாகவும் நினைவாற்றல் 53.7 சதவீதம் கூடியதாகவும் வருகிறது. பங்கேற்றவர்கள் இரண்டே பேர். அதில் மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர் ஒருவர், மற்றவர் செய்தது வேறு வகை. சதவீதம் என்று சொன்னவுடன் ஒரு கூட்டம் கண்முன் வருகிறது, இங்கே இருப்பதோ ஒரு தனி ஆள். கட்டுரை அதை மறைக்கவில்லை. செய்தியாகப் பரவும்போது எண் மட்டும் பரவுகிறது.

இதற்கு எதிர்முனையில் 2023இல் வெளிவந்த கோக்எக்ஸ் ஆய்வு இருக்கிறது. அந்தோணி ஃபைன்ஸ்டைன் தலைமையில் ஆறு நாடுகளில், நோய் தொடர்ந்து முற்றும் வகையைச் சேர்ந்த 311 பேரிடம் நடத்தியது. மூளைப் பயிற்சி, உடற்பயிற்சி, இவை போலத் தோன்றும் பாவனைப் பயிற்சிகள் என மாற்றி மாற்றிச் சேர்த்து நான்கு குழு. 12 வாரம் கழித்து, இரண்டு உண்மைப் பயிற்சியும் பெற்றவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. பாவனைப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் உட்பட நான்கு குழுவிலும் சிந்தனை வேகம் கூடியிருந்தது. உடற்பயிற்சி மூளைக்கு உதவாது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஒரே சோதனையைத் திரும்பச் செய்யும் பழக்கத்தால் வந்த உயர்வு என்றும் சொல்லலாம். எனக்கு வேறொன்று படுகிறது, இதை நான் வாசகியாகத்தான் சொல்கிறேன். நான்கு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் அவர்களுக்காகக் காத்திருந்தார், பெயர் சொல்லி அழைத்தார், போன வாரத்தைவிட இன்று எப்படி என்று கேட்டார். அந்த நேரத்தில் அவர்களிடம் யாரும் சோறு கேட்கவில்லை. பாவனை என்று ஒதுக்கப்பட்டதற்குள் இவ்வளவு இருந்தது. நம் பெண்களுக்கு அந்தப் பாவனைகூட எழுதித் தரப்படுவதில்லை.

அதனால் நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ். உள்ளவர்களின் நடைத்திறன், களைப்பு, மனச்சோர்வு இவற்றுக்குப் பயிற்சி உதவும் என்பதற்கு மூளை ஸ்கேனைவிட உறுதியான சான்றுகள் இருக்கின்றன. நடை மருந்தென்றால் மருந்துக்குரிய மரியாதையோடு அதைத் தர வேண்டும் என்பதே என் வழக்கு. எத்தனை நிமிடம், எந்த நேரத்தில், எவ்வளவு ஓய்வுக்குப் பின், கண் மங்கினால் என்ன செய்வது, விழுந்தால் யாரை அழைப்பது என்று தமிழில், அவள் படிக்கக்கூடிய எழுத்தில் வேண்டும். வேலை நேரத்திலிருந்து அதற்கு அரைமணி கழித்துத் தரவும் வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் ஊன்ற ஓர் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாடுகளை 21 ஆக்கியபோது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் ஒதுக்கீடு போன்ற பெரும் பயன்களுக்கு 40 சதவீதம் என்ற வாசலைத் தாண்ட வேண்டும். வந்து வந்து போகும் நோய் இது. நல்ல நாளில் மருத்துவக் குழுவின் முன் நடந்து போகிறவளைப் பார்த்து, காலில் குறையில்லை என்று எழுதிவிட முடியும். செக்கிங் மேஜையில் அவள் இழந்த அந்தச் சில நொடிகளை யார் எடைபோடுவார்கள்? ஈ.எஸ்.ஐ.யில் ஓராண்டில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலியோடு நோய் விடுப்பு உண்டு. நோய் திடீரென்று பாயும் மாதங்களுக்கு அது பெரிய உதவி. பீஸ் ரேட்டில் ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவளுக்கு ஈ.எஸ்.ஐ. எண்ணே இருக்காது. இந்த அம்மாவுக்கு இருந்தது, கடைசி ஒன்றரை ஆண்டு தவிர.

இப்போது அவர் வீட்டிலிருந்தே பிசிர் வெட்டித் தருகிறார். லைன் வீட்டு வாசலில், குழாயடியிலிருந்து கடைசி வீடு வரை, விடிவதற்கு முன் நடக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள். அவள் எழாத நாளில் இவர் நடப்பதில்லை. எத்தனை சுற்று என்பது பாதியில் மறந்துவிடுகிறது என்பதால், ஒரு சுற்றுக்கு ஒன்றாகத் திண்ணை ஓரத்தில் புளியங்கொட்டை வைக்கிறார். முதலில் நான்கு வைத்தார். போன மாதம் ஒன்பது. வெயில் ஏறிய நாட்களில் ஆறு.